மீன்நெய்க் கிண்ணம்

புதன்கிழமை காலையில் பஞ்சு காய்ந்தே வந்தது.

அன்பரசன் இன்னொரு துண்டை எடுத்து மரக்கிண்ணத்தின் குழிவில் வைத்து அழுத்திப் பார்த்தான். அதுவும் வெள்ளையாகவே திரும்பியது. தோஹாவில் அவன் பழம்பொருட்களைப் பராமரிக்கும் தனியார் சேகரிப்பின் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து, நாலு மாதமாக, தினமும் மூன்று துண்டுப் பஞ்சை மஞ்சளாக்கிய கிண்ணம் இன்று எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது.

அலாஸ்காக் கரையின் ட்லிங்கிட் மக்கள் செய்தவை என்று கோப்பு சொன்ன பதினைந்து பொருட்கள் அந்த ஜன்னலில்லாத குளிர் அறையில் இருந்தன. செம்பைத் தட்டிச் செய்த, ஆள் மார்பளவு தகடு. மலையாட்டு மயிரும் மரப்பட்டை நாரும் சேர்த்து நெய்த, கண்கண்ணாகக் கோலமிட்ட போர்வை. அதன் முன்னால் நின்று அவன் சோற்று நேரத்தையே தவறவிட்டதுண்டு. பிடிக்காதது இந்தக் கிண்ணம் ஒன்றுதான். கடல்நாய் வடிவம், விளிம்பு நெடுகக் கடல்நத்தையின் மூடிகளைப் பல்வரிசை போலப் பதித்திருந்தார்கள். விருந்தில் மீன்நெய் பரிமாறிய பாத்திரம். சின்ன மீன்களைக் குழியில் போட்டு, அழுகிப் பதமாகும்வரை விட்டு, காய்ச்சி இறக்கிய நெய். மரம் நூறு வருஷமாகக் குடித்து வைத்திருந்ததை, துறைமுக வெயிலில் பெட்டியோடு ஒரு வாரம் கிடந்த பிறகு கக்கத் தொடங்கியிருந்தது. அந்த மக்களுக்கு அது அமிர்தமாக இருந்திருக்கலாம். கருவாடு தின்று வளர்ந்த அன்பரசனே அந்த நாற்றத்துக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் கிட்டே போவான்.

முந்தின நாள் சாயங்காலம் கையுறை தீர்ந்துபோயிருந்தது. வெறுங்கையாலேயே கிண்ணத்தின் நெய்யை ஒற்றியெடுத்தான். மணிக்கட்டு வரை வழவழப்பு. அப்போதுதான் ஊரிலிருந்து அகிலாவின் போன். விசா கைக்கு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மதியம் வந்து இறங்குகிறோம் என்றாள். மகள் இளவேனிலுக்கு எட்டு மாதம். போட்டோவில் பார்த்ததோடு சரி. போனை வைத்துவிட்டு அவன் சிரித்துக்கொண்டே நின்றான், கை தானாக உச்சிக்குப் போனது. எண்ணெய் பட்ட கையைக் கழுவி வீணாக்குகிற வழக்கம் அவன் வீட்டில் கிடையாது; மிச்சத்தைத் தலையில் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிறதுதான் ஒட்டும் என்பார்கள். இது ஒட்டிவிட்டது.

அன்றைக்கே நாலு தடவை ஷாம்பு போட்டான். பாத்திரம் கழுவும் சோப்பு, டெட்டால், எலுமிச்சை எல்லாம் போட்டான். விடியும்போது தலையணையில் மஞ்சளாக ஒரு வட்டம், தொட்டால் விரலோடு நூல் இழுத்தது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் கசிந்தது. செத்த மீனின் வயிற்றுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. அந்தத் தலையோடு வேலைக்குப் போனவன் கையில்தான் அந்தக் காய்ந்த பஞ்சு வந்தது.

புதன் இரவு, தோஹாவின் நஜ்மா பகுதியில் அவனோடு அறையில் தங்கியிருந்த கீழக்கரை ஹபீப் முகம்மது கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி வதக்குன? படிவரைக்கும் வாசமா இருக்கு."

"நான் ஒண்ணும் சமைக்கல பாய். என் தலைதான் நாறுது."

"நாத்தமா? எனக்குப் பசிய கெளப்புது."

நாலு பரோட்டா தின்றுவிட்டு வந்த மனுஷர். அவர் எச்சில் விழுங்கும் சத்தம் அன்பரசனுக்குக் கேட்டது. தூங்கும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தது.

வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு வெளியே வந்தான். ஹபீப் அவன் கட்டிலில் உட்கார்ந்து, குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து, தலையணையின் மஞ்சள் வட்டத்தில் அழுத்தித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மீசையெல்லாம் பளபளப்பு. இவனைப் பார்த்ததும் கூச்சப்பட்டார்.

"சும்மா ருசி பாத்தேன், தம்பி."

அன்பரசன் குளியலறைக்கே திரும்பிப் போய் வாந்தியெடுத்தான்.

கிண்ணத்திடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? கிடங்குக்கு ஓடினான். கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்துப் பிழிந்தான். சொட்டு, சொட்டு. மரம் குடிக்கவில்லை. நெய் முத்துமுத்தாக மேலேயே நின்றது. சாயங்காலம் மொட்டையடித்துக்கொண்டான். கத்தி இறங்கிய இடமெல்லாம் உடனே மினுங்கியது. ராத்திரி முழுக்க அகிலாவைக் கூப்பிட்டான். வராதே என்று எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது? அவள் போன் அணைந்தே கிடந்தது. சென்னைக்குக் கிளம்பியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவனே விமான நிலையத்துக்குப் போனான். வேறு யாரை அனுப்புவது, ஹபீபையா? தலையில் துண்டு கட்டி, மேலே தொப்பி. பிள்ளையைத் தொடக் கூடாது. டாக்ஸியில் முன்னால் உட்கார வேண்டும். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். வெயிலில் தொப்பி நனைந்து, கழுத்து வழியே சட்டைக்குள் வழிந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் பார்த்தார்.

அகிலா தள்ளுவண்டியோடு வந்தாள். இடுப்பில் இளவேனில்.

"என்னங்க இது, தொப்பியும் துண்டும்?"

"காய்ச்சல். கிட்ட வராத."

"இவ யாருகிட்டயும் போகமாட்டா, பாத்துக்கங்க. எங்க அண்ணன் தூக்கினாலே கத்துவா."

இளவேனில் கத்தவில்லை. மூக்கு விரிந்தது. இரண்டு கையையும் நீட்டி, தாயின் இடுப்பிலிருந்து தாவினாள். பிடிக்காவிட்டால் தரையில் விழுந்திருப்பாள். பிடித்தான்.

முதல்முறையாக மகளின் கனம். இளஞ்சூடு. ஒரு நொடி எல்லாம் மறந்துபோனது.

தொப்பி விழுந்தது. துண்டு சரிந்தது. வாய் உச்சியில் ஒட்டியது.

உறிஞ்சினாள். கீழ்வரிசையில் முளைத்த இரண்டு பற்கள். மளக், மளக். விழுங்கும் சத்தம் அவன் மண்டைக்குள்ளேயே கேட்டது. இழுத்துப் பார்த்தான். தோலும் சேர்ந்து வந்தது.

"அகிலா, எடு. பிள்ளைய எடு."

"விடுங்க, குடிக்கட்டும். ப்ளேன்ல ஒரு வாய் வாங்கல."

அவள் குரல் கம்மியிருந்தது. எச்சில் விழுங்கினாள். கிட்டே வந்தாள். அவன் காதுக்குப் பின்னால் வழிந்ததை ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, அவசரப்படாமல், வரிசையாக நின்றார்கள்.

"கொஞ்சம் குனிங்க," என்றாள் அகிலா. "எனக்கு எட்டல."