தார்ப்பாய்க்கு அடியில் இந்திரகுமார்!

இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது.

அருந்தவன் ஹால் தரையில் மல்லாந்து கிடந்தான். கட்டிலில் சாய்ந்தால் எழும்ப முடியாது. இருட்டோடு போய், கோழித் தொழிற்சாலைக் குளிரறையில் மத்தியானம் வரை பெட்டி தூக்கிய இடுப்பு. வெளியே நாற்பது டிகிரி வெயில். நோபல் பார்க் புறநகர் முழுக்க ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

டமால்!

கண்ணைத் திறந்தான்.

டமால்... டமால்!

துவக்குச் சத்தம்! வன்னியில் கேட்டுப் பழகிய காது. உடம்பு தானாகக் குப்புறப் புரண்டது.

"ஐயோ... அம்மா!"

அலறல் கராஜுக்குள் இருந்து வந்தது. இடுப்பை மறந்து ஓடினான்.

உள்ளே...

இந்திரகுமார் கிடந்தான்! அதே வீட்டில் பாதி வாடகைக்கு இருப்பவன். அதே தொழிற்சாலையில் கோழிக்குக் குடல் உருவுபவன். அவன் வலது தொடையில் பழுப்பு நிறக் கண்ணாடித் துண்டு ஒன்று செருகி நின்றது.

ரத்தம். ரத்தத்தைச் சுற்றி நுரை!

"என்னடா செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை மச்சான்... ஒரு போத்தல் எடுப்பம் எண்டு கையை வச்சன். வெடிச்சுது. பக்கத்தில நிண்டதுகளும் சேர்ந்து வெடிச்சுது!"

"களவெடுக்க வந்தனியோ?"

"நீ ஞாயிற்றுக்கிழமை தாறன் எண்டனீ... வெயில் இண்டைக்கல்லோ அடிக்குது!"

அருந்தவன் ஒரு துவாயை எடுத்துத் தொடையைச் சுற்றி இறுக்கினான்.

"அம்புலன்ஸுக்கு அடி மச்சான்..."

போனை எடுத்தான். விரல் பாதியில் நின்றது.

"அம்புலன்ஸ் வந்தா பொலிசும் வரும்."

"வரட்டும்!"

"என்னடா வரட்டும்? நீதானே சொன்னனீ... வீட்டில பியர் போடுறதும் ஊரில கசிப்புச் சாராயம் காய்ச்சுறதும் ஒண்டு, பிடிபட்டா ஜெயில், விசா கான்சல் எண்டு! வாயை மூடிக்கொண்டிருக்கத்தானே எனக்குப் பாதிப் பங்கு வேணும் எண்டனீ?"

இந்திரகுமாரின் முகம் ஒரு மாதிரியானது.

"மச்சான்... அது வந்து... உனக்கு ஒண்டு சொல்லோணும்..."

குனிந்து தன் தொடையைப் பார்த்தான். நாளெல்லாம் ரத்தத்தில் நிற்பவன்தான். ஆனால் அது கோழியின் ரத்தம். இது சொந்த ரத்தம்.

மயங்கிவிட்டான்!

விசா...

அருந்தவன் அகதியாகப் படகில் வந்தவன். வருடக்கணக்காகத் தற்காலிக விசா. நிரந்தர விசாவுக்கு அடுத்த கிழமை நேர்முகம். அது சரிவந்தால்தான் வவுனியாவில் இருக்கும் மனைவி சுஜீவாவையும் மகளையும் கூப்பிடலாம். மகளின் முகத்தை அவன் போனில்தான் பார்த்து வளர்த்தான். ஒரே ஒரு பொலிஸ் கேஸ்... எல்லாம் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிளாஸ்டிக் வாளி!

கிரான்பர்னில் ஒரு வீட்டு வாசலில், குப்பை லொறிக்காக உடைந்த கதிரை, மேசைகளோடு வைத்திருந்தார்கள். குழாய் வைத்த வாளி, காலிப் போத்தல்கள், துருப்பிடித்த டின்னில் மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட். வீட்டிலேயே பியர் போடும் பழைய கிட். கடைப் பியர் விற்கும் விலைக்கு இது கடவுள் தந்தது என்று தூக்கிவந்தான்.

ஈஸ்ட் எப்போதோ செத்திருந்தது. அப்பத்துக்குப் போடும் ஈஸ்டைப் போட்டான். போத்தலுக்குத் துளி சீனி போதும். தேத்தண்ணிக்குப் போடுவது போல இரண்டு கரண்டி குவித்துப் போட்டான். புளித்து முடிந்ததா என்று அறிய, பியரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் கிட்டில் இருந்தது. அவன் அதைக் கக்கத்தில் வைத்துக் காய்ச்சல் பார்த்தான்!

வாளியில் குமிழி அடங்கவே இல்லை. அதற்குள் போத்தலில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டான்.

அவன் அடைத்தது பியர் இல்லை. குண்டு!

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம்.

ஜன்னலால் பார்த்தான். பொலிஸ்! வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி போன் அடித்திருக்கிறாள்.

அடுத்து அவன் செய்தது மனிதன் செய்யும் வேலை இல்லை.

மூலையில் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்தான். மயங்கிக் கிடந்தவன் மேல் விரித்தான். நெஞ்சு வரை வந்ததும் கை நின்றது.

படகில்... நடுக்கடலில், கொட்டும் மழையில், காய்ச்சலில் அவன் வெடவெடத்துக் கிடந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் தான் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அவனைப் போர்த்தினான். விடியும் வரை உள்ளாடையோடு நனைந்தான். மறுநாள் அந்தச் சாரத்தை அலை கொண்டுபோயிற்று.

அந்த ஒருவன்தான் இந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பவன்!

உடம்பெல்லாம் கூசியது.

ஆனாலும் மூடினான். முகத்தையும் சேர்த்து.

பக்கக் கதவால் வெளியே வந்தான். இரண்டு பேர். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. பக்கத்தில் கறுத்த இளைஞன். சட்டையில் பெயர், கிளமெண்ட்.

"தமிழா அங்கிள்?"

உள்ளுக்குள் செத்தான். வெள்ளைக்காரியிடம் பொய் சொல்லிவிடலாம். தமிழனின் முகத்தைப் பார்த்து...?

"ஓம் தம்பி."

"நான் மலேசியா, கிள்ளான். துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சாம். என்னா அங்கிள்?"

"டிவி தம்பி. சண்டைப் படம். சத்தத்தைக் கூட்டி வச்சிட்டன்."

கிளமெண்ட் கீழே பார்த்தான். கராஜ் கதவின் அடியால் ஒரு சிவப்புக் கோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

"உங்க டிவியில ரத்தமும் வருமா?"

"அது... அது ஆடு!"

"ஆடா?"

"பங்கு இறைச்சி தம்பி! ஒரு ஆட்டை அடிச்சு நாலு வீட்டுக்காரர் பிரிச்செடுக்கிறது. எங்கட ஆக்களின்ர வழக்கம்."

"இங்கேயே வெட்டுனீங்களா?"

"ஓம்! நானேதான் வெட்டினன்!"

தப்பித்துவிட்டேன் என்று மூச்சுவிட்டான். கிளமெண்ட் கூட வந்த அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவளுடைய புருவம் ஏறியது.

"அங்கிள், குடியிருக்கிற வீட்டுல ஆடு வெட்டக்கூடாது. சட்டப்படி குத்தம் லா. கேஸ் எழுதணும்."

கேஸ்!

அந்த நேரம் பார்த்து...

"ம்ம்ம்ம்..."

கராஜுக்குள் இருந்து முனகல்!

"உங்க ஆடு இன்னும் சாகலையே அங்கிள்!"

கதவு உயர்ந்தது. தார்ப்பாய் விலகியது. பெண் அதிகாரி பாய்ந்து தொடையை அழுத்தினாள். ரேடியோவில் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

கிளமெண்டின் குரல் மாறியிருந்தது.

"உயிரோட இருக்கிற ஆள ஏன் மூடுனீங்க?"

அருந்தவன் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

"பியர் போட்டன் தம்பி. போத்தல் வெடிச்சு இவனுக்கு வெட்டிப்போட்டுது. ஜெயில்ல போடுங்கோ. சுஜீவாவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ..."

"பியருக்கா ஜெயிலு? எங்கப்பாவே கராஜ்ல போடறாரு! சொந்தமா குடிக்க பியர் போட்டா குத்தமே இல்ல அங்கிள். சாராயம் வடிச்சாத்தான் குத்தம். யார் சொன்னா உங்களுக்கு?"

அருந்தவனின் விரல் மெல்ல உயர்ந்தது.

ஆட்டை நோக்கி!

இந்திரகுமார் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"விளையாட்டா, பகிடிக்குச் சொன்னது மச்சான்... பாதிப் பங்கு தருவாய் எண்டு..."

கேஸ் இல்லை. ஆடும் இல்லை. விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று கிளமெண்ட் தோளில் தட்டிச் சொன்னான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணுக்குள் நீலத் தார்ப்பாய்தான் நின்றது.

மறுநாள் ஆஸ்பத்திரி.

அருந்தவன் வார்ட் வாசலிலேயே நின்றான்.

"உள்ளுக்கு வாடா! ஆடு முட்டாது."

போனான். நிமிரவில்லை.

"உன்ர முகத்தையும் மூடினனான்டா..."

"தெரியும்."

"என்னது?"

"நீ மூடினவுடன முழிச்சிட்டன்."

"பிறகேனடா சத்தம் போடேல்லை?"

இந்திரகுமார் கூரையைப் பார்த்தான்.

"என்ர பகிடிதானே உன்னை இப்பிடிச் செய்ய வச்சது. வெட்கமாப் போச்சு. கிடப்பம் எண்டு கிடந்தன். நீ இல்லாத ஆட்டுக்குக் கேஸ் வாங்கி விசாவைத் துலைக்கப் போறாய் எண்டதும்தான் முனகினனான்!"

அருந்தவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இதை எப்பிடியடா உனக்குத் தீர்ப்பன்?"

"அதைப் பிறகு பாப்பம். முதல் இதைப் பார்..."

ஒருக்களித்துப் படுத்தான். ஆஸ்பத்திரிச் சட்டை. முன்னால் கௌரவம். பின்னால் திறந்தவெளி!

"நேர்ஸ்மாருக்கு முன்னால மானம் போகுது. ஓடிப்போய் ஒரு சாரம் கொண்டு வா. படகில நீ வாங்கினது இன்னும் பாக்கி!"