பச்சைப் பொட்டலமும் கடைசி ஷாட்டும்

"யாரைக் கேட்டு இதைத் தின்னீங்க?"

யுன்ஷாங் போட்ட சத்தத்தில் தைவானின் கீலுங் துறைமுகத்து மழையே ஒரு நொடி திகைத்து நின்றது போலிருந்தது.

ஜெனரேட்டர் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் கிரீஸ் கறை. கையில் தேங்காய் மணக்கும் சோளப் பொரி... பச்சைப் பொட்டலம்! ஜெனரேட்டர் சமர்த்தாக ஓட வேண்டும் என்று, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, அதன் தலைமேல் வைத்திருந்த பொட்டலம்.

"பசிச்சுது" என்றான் அவன். "அதோட இதுல ஒரு..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! மெஷின்மேல வெச்சதை யாராவது தொடுவாங்களா? நீங்க இந்த ஊர்க்காரர்தானே?"

"இந்த ஊர்தான், டைரக்டரம்மா. அதனாலதான் சொல்ல வர்றேன்..."

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமியது. ஒரு முறை... இரண்டு முறை... நின்றே போனது. விளக்குகள் அணைந்தன. மானிட்டர் கறுத்தது. படப்பிடிப்பு யூனிட்டில் இருந்த இருபது பேரும் அவனை முறைத்தார்கள்.

"போயிடுங்க இங்கேருந்து!" என்றாள் யுன்ஷாங்.

அவன் எழுந்தான். ஒரு கணம் அவள் கண்களையே பார்த்தான்... என்ன பார்வை அது? பொட்டலத்தை வண்டியின் படியிலேயே வைத்துவிட்டு மழையில் நடந்தான்.

மணி நாலு பத்து.

ஐந்து மணிக்குக் கணவாய் மீன் பிடிக்கும் படகு கிளம்பிவிடும். திரும்பி வர எட்டு மாதம். படகு கரையை விட்டு நகர, கரையில் நிற்கும் நாயகி 'போகாதே' என்று கதற வேண்டும். ஒரே படகு, ஒரே ஷாட். நாயகனாக நடித்தவனின் வேலை நேற்றே முடிந்துவிட்டது. இன்று நாயகியாக நடிக்கும் யுன்ஷாங்கும் அந்தப் படகும்தான்.

பதினைந்து வருடம் டி.வி. தொடர்களில் மருமகளாக அழுதவள் யுன்ஷாங். அவளே எழுதி, இயக்கி, நடிக்கும் முதல் படம் இது. காலையில் தயாரிப்பாளர் போனில் இனிக்க இனிக்கப் பேசினார். "இன்னிக்கு அந்த ஷாட் வரலைன்னா, மிச்சத்தை வேற டைரக்டர் முடிப்பாரும்மா. நீ நடிச்சாப் போதும். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"தைபேலேருந்து மெக்கானிக் வர ஆறு மணி ஆயிடுமாம்" என்று ஓடி வந்தாள் உதவி இயக்குநர் பெய்ஜி. "அக்கா... அந்தப் பொட்டல ஆளு, படகோட இன்ஜின் மெக்கானிக்காம். பேரு ஹாய்ஷெங். கேட்டுப் பார்க்கலாமா?"

"அவரையா? நானா?"

படியில் கிடந்த பொட்டலத்தை எரிச்சலோடு எடுத்தாள். பின்பக்கம் திருப்பினாள். முகம் வெளுத்தது.

கெடு தேதி... முந்தாநாள்!

தேதி போன பொட்டலத்தை வைத்தால் மெஷின் முறைத்துக்கொள்ளும் என்பது தைவானில் பள்ளிப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பூஜையன்று அதை வைத்தது யார்? வேறு யாருமில்லை. அவளேதான்.

'அவன் அதைத்தான் சொல்ல வந்தானா...'

தெருமுனைக் கடைக்கு ஓடினாள். இரண்டு பச்சைப் பொட்டலம். இரண்டு தேதியையும் இரண்டு முறை பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்தபடி படகின் இன்ஜின் அறைக்குள் இறங்கினாள்.

ஹாய்ஷெங் திரும்பவில்லை. "மன்னிப்பு கேட்க வந்தீங்களா, மெஷினுக்கு ஆள் தேடி வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்." பொட்டலங்களை நீட்டினாள். "ஒண்ணு மெஷினுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

அவன் தேதியைத்தான் முதலில் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்த் தைத்தது அவளுக்கு.

அவன் வந்து ஜெனரேட்டரின் டீசல் குழாயைக் கழற்றி ஊத, அவள் குடை பிடித்தாள். மணி நாலு முப்பத்தெட்டு.

"போன தடவை கடலுக்குப் போனப்போ படகுல உங்க தொடர்தான் ஓடிச்சு. நூத்திப் பத்து எபிசோடு! நீங்க நிஜமா அழுதா இடது கண்ணுதான் முதல்ல நனையும்."

"பொய்யா அழுதா?"

"ரெண்டும் சேர்ந்து நனையும். காலைல ஒத்திகைல ரெண்டும் சேர்ந்து நனைஞ்சுது."

சுருக்கென்றது. "இதை எழுதினது நான், தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா இந்தக் கரைல எந்தப் பொம்பளையும் 'போகாதே'ன்னு சொல்ல மாட்டா, டைரக்டரம்மா. கிளம்புற படகுகிட்ட அதைச் சொல்லலாமா? திட்டுவாங்க... அப்புறம் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான்."

"உங்ககிட்ட யார் கேப்பாங்க?"

அவன் கை நின்றது. "யாருமில்ல. அதான் கெட்டுப்போன பொட்டலத்தைத் தின்னேன்."

குடை லேசாகச் சாய்ந்தது. அவன் தோளில் மழை விழாதபடி, அவள் தோளில் விழும்படி...

ஜெனரேட்டர் உறுமியது. யூனிட் கூவியது. நாலு ஐம்பத்திரண்டு!

"வர்றேன்" என்றான். படகுக்கு ஓடினான்.

"கேமரா... ஆக்‌ஷன்!" என்று அவளே சொல்லிவிட்டு அவளே கரை விளிம்புக்கு வந்தாள். சங்கு ஊதியது. கயிறு அவிழ்ந்தது. படகின் பின் தளத்தில் அவன் நின்றான், பச்சைப் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு.

போ... உதடு திறந்தது. வசனம் வரவில்லை. படகு ஒரு முழம் நகர்ந்தது... இரண்டு முழம்... பெய்ஜி மானிட்டர் முன்னால் நகத்தைக் கடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு...

"ஏய்!" யுன்ஷாங்கின் குரல் உடைந்தது. "சாப்பிட்டியா?"

அவன் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு கைகளை வாயருகே குவித்துக் கத்தினான். "இல்ல! திரும்பி வந்து உன்கூடச் சாப்பிடுறேன்!"

"வா! உன்னைத்தான் பிடிச்சிருக்கு எனக்கு... காத்திருக்கேன்!"

இடது கண் முதலில் நனைந்தது.

'கட்' சொல்ல வேண்டியவள் அவள்தான். சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கேமராமேன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கண்ணைத் துடைத்தபடி பெய்ஜி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஷாட் பிரமாதம்! ஆனா அந்த வசனம் ஸ்கிரிப்ட்ல இல்லையே... நாயகி எப்போ அப்படிச் சொல்றா?"

"நாயகி சொல்லல, பெய்ஜி. நான்தான் சொன்னேன்."

"ஓ..." என்றாள் பெய்ஜி. "அப்போ... 'கட்' சொல்லட்டுமா?"

"இரு. அந்தப் படகு கண்ணை விட்டு மறையட்டும்..."