கல் வட்டத்துக்குள் ஒரு மருதங்கன்று

"யானை! அக்கா, யானை!"

நிரஞ்சன் இரண்டு கைகளாலும் ரஜிதாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

சற்றுத் தூரத்தில் சாம்பல் நிறத்தில் பெரிதாக ஏதோ நின்றது. ரஜிதாவுக்கும் ஒரு கணம் நெஞ்சு பக்கென்றது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், அது மருதமரமடா! யானைக்குக் கொப்பு முளைக்குமோ?"

"அப்ப, அதுக்குப் பின்னாலை யானை நிண்டா?"

அந்த மரத்துக்குப் பின்னால் இரண்டு யானைகள் நின்றாலும் தெரியாதுதான்.

விடுமுறைக்கு இருவரும் புளியங்குளத்தில் கௌசலா சித்தி வீட்டுக்கு வந்திருந்தார்கள். சித்தி மரக்கன்றுத் தோட்டமொன்றில் வேலை செய்பவர். இன்று ஆற்றங்கரையில் இருக்கும் மருதஞ்சோலையைக் காட்டக் கூட்டி வந்திருந்தார். மேடு பள்ளம் இல்லாத மணற்பாதை. சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம்.

"அங்கை உங்களுக்கு ஒண்டு காட்டுவன். இப்ப சொல்லமாட்டன்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டியை நிழலில் விடப் போனவர், "மெல்ல நடவுங்கோ, வாறன்," என்று இவர்களை முன்னால் அனுப்பியிருந்தார்.

நிரஞ்சனோ ஓரடியும் வைக்க மறுத்தான்.

பாதையோரத்தில் ஒரு பிள்ளையார் கல் இருந்தது. அதன் மேலே தாழ்ந்த கொப்பில் காய்ந்த குழைகள் தொங்கின. காட்டுக்குள் போகிறவர்கள் இலையோடு ஒரு குழை முறித்துத் தொங்கவிட்டு, யானை கரடி குறுக்கே வரக்கூடாதென்று கும்பிடுவார்கள். அப்பா அப்படிச் செய்வதை ரஜிதா பார்த்திருக்கிறாள்.

"பொறு தம்பி. குழை போட்டிட்டுப் போனா ஒண்டும் வராது."

அந்தத் தாழ்ந்த கொப்பில் பச்சை இலை இல்லை; மற்றக் கொப்புகள் அவளுக்கு எட்டவில்லை. கீழே, சின்னக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு செடி, செம்பு நிறத் தளிரோடு நின்றது. பிள்ளைகள் யாரோ கல்லடுக்கி விளையாடியிருப்பார்கள் என்று ரஜிதா நினைத்தாள். அப்படி நினைப்பது அப்போது சுலபமாக இருந்தது.

மளுக்கென்று முறித்தாள். கொப்பில் தொங்கவிட்டாள்.

"பிள்ளையாரே, யானை வரக்கூடாது."

"கரடியும் வரக்கூடாது," என்றான் நிரஞ்சன். "கணக்கு டீச்சரும் வரக்கூடாது."

சித்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ரெண்டு பேரும் கண்ணை மூடுங்கோ. நான் சொல்லேக்கைதான் திறக்கவேணும்."

கண்ணை மூடியபடி சித்தியின் கையைப் பிடித்து நாலடி நடந்தார்கள். ரஜிதாவின் செருப்பில் ஒரு சின்னக் கல் இடறியது. அந்தக் கல் வட்டம் நினைவுக்கு வந்தது.

'திறவுங்கோ' என்று சித்தி சொல்லவேயில்லை.

ரஜிதா தானாகக் கண்ணைத் திறந்தாள். கல் வட்டத்துக்குள் விரல் நீளத் தண்டு மட்டும் நின்றது.

"அந்தப் பெரிய மரத்தின்ரை கன்று," என்றார் சித்தி மெல்ல. "வருசா வருசம் விதை கொட்டும். வெள்ளம் அள்ளிக்கொண்டு போகும், இல்லாட்டி மாடு திண்டிடும். இது ஒண்டுதான் தப்பி வளர்ந்தது."

ஆற்றுப் பக்கம், அங்கே மாடு மேய்க்கும் மயில்வாகனம் என்பவர் தன் மாட்டோடு நின்றிருந்தார். சித்தியின் குரல் உயர்ந்தது.

"மயில்வாகனண்ணை! மாட்டை இஞ்சாலை விடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"என்ரை மாடு அந்தப் பக்கமே வரேல்லைப் பிள்ளை! இந்த வெய்யிலுக்கு அது எழும்பவே பஞ்சிப்படுது."

"பின்னை ஆர் கடிச்சது? நீங்களோ?"

ரஜிதா மேலே தொங்கிய குழையைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் எல்லாம் மாட்டோடு போய்விடும். மாடு அசைபோட்டபடி அவளையே பார்ப்பது போலிருந்தது.

"சித்தி, மாடில்லை. நான்தான் முறிச்சனான். தம்பி பயந்தவன்... குழை போட..."

"நான் பெரிசாப் பயப்பிடேல்லை," என்றான் நிரஞ்சன் மிகவும் சின்னக் குரலில்.

மயில்வாகனம் மாட்டின் கழுத்தைத் தட்டினார். "கேட்டியே? உன்னிலை பிழையில்லையாம்."

சித்தி அவரிடம், "குறை நினைக்காதேங்கோ அண்ணை," என்றார். பிறகு கன்றின் பக்கத்தில் குந்தினார். ஏசுவார் என்று ரஜிதா காத்திருந்தாள். சித்தி ஏசவில்லை.

"நான் வேலி அடைச்சிருக்கவேணும். கல்லு வைச்சது போதுமெண்டு நினைச்சிட்டன்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரஜிதாவும் குந்தினாள். தண்டின் அடியில் ஓர் இலை மிச்சமிருந்தது. அதன் கணுவில் அரிசிமணி போல ஒரு புடைப்பு.

"இதிலை துளிர்க்குமோ சித்தி?"

"துளிர்க்கலாம். துளிர்க்காமலும் விடலாம்."

ரஜிதா எழுந்து போய், விழுந்து கிடந்த முட்கொப்புகளை இழுத்து வந்தாள். கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினாள். விரலில் முள் கீறியது. தன் போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள்.

"என்ரை சோடாவையும் ஊத்தவோ?" என்றான் நிரஞ்சன்.

"வேண்டாமடா."

பிறகு சோலைக்குள் நடந்தார்கள். மூன்று பேர் கைகோத்தும் அந்தப் பெரிய மரத்தில் பாதியைக்கூடக் கட்டிப்பிடிக்க முடியவில்லை. நிரஞ்சன் கலகலவென்று சிரித்தான். ரஜிதா மரத்தில் கன்னத்தை வைத்தாள். ஆனால் நிமிர்ந்து அதன் உச்சியைப் பார்க்க அவளால் முடியவில்லை.

திரும்பும்போது பிள்ளையார் கல்லடியில் நிரஞ்சன் நின்றான். "அக்கா, போறதுக்கும் குழை போடவேணும்."

ரஜிதா நிலத்தைத் தேடி, காற்றுக்கு விழுந்த ஒரு குழையை எடுத்தாள். காலையில் அவள் தொங்கவிட்ட தளிர் அதற்குள் வாடிச் சுருண்டிருந்தது. அதன் பக்கத்தில் இதைத் தொங்கவிட்டாள்.

"யானை, கரடி..." என்று நிரஞ்சன் தொடங்கினான்.

ரஜிதா கண்ணை மூடிக் கைகூப்பினாள். இந்த முறை அவள் யானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.