வடம் நின்ற வாரம்

வடத்தை நிறுத்தி, ஸ்விட்சை இறக்கி, மோட்டார் அறையைப் பூட்டிய பிறகு மணி மறுபடியும் அடித்தது.

அடிக்க வேண்டிய வேலையே இல்லை. மணி இரண்டு தட்டு தட்டினால், மேலே ஆள் யாரும் பாக்கி இல்லை, பெட்டிகள் எல்லாம் காலி, நிறுத்திக்கொள் என்று அர்த்தம். அது கொஞ்ச நேரம் முன்பே வந்து, அவளும் நிறுத்தியாயிற்று. பூட்டில் சாவி தொங்க, மோட்டார்க்காரி அப்படியே நின்று காது கொடுத்தாள். ஒரு டங். அப்புறம் கம்பி இழுபடுகிற மாதிரி ஒரு முனகல். அப்புறம் இன்னொரு டங். தலைக்கு மேலே மலை முழுக்கக் காற்று.

"காத்துதான்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மலை உச்சியில் ஒரு ஸ்டேஷன், அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன், நடுவே இரும்பு வடத்தில் தொங்கி ஓடும் கண்ணாடிப் பெட்டிகள். கீழே மோட்டாரை ஓட்டுவது அவள். மேலே ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் புருஷன். "மேல்வீட்டுக்காரர் இன்னிக்கு என்ன சொல்றார் கீழ்வீட்டம்மா?" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேலி பேசுவான். வடத்தை நிறுத்தும் முன் இருவரும் போனில் பேசியாக வேண்டும், அது வேலையின் விதி. அவர் 'காலி' என்பார், இவள் 'காலியா?' என்று திருப்பிக் கேட்பாள், அவர் இன்னொரு தரம் 'காலி' என்ற பிறகுதான் கை ஸ்விட்சுக்குப் போகும். மணி என்பது போன் வராத காலத்தில் கட்டியது. டவர் டவராகத் தாவிப் போகும் ஒரு கம்பி, அதை வழியில் எங்கே இழுத்தாலும் கீழே அடிக்கும். இரண்டு தட்டு 'நிறுத்து'. மூன்று தட்டு 'ஆபத்து'. அதை யாரும் தொடுவதே கிடையாது.

இப்போது கொஞ்ச நாளாகத் தொட்டார்கள், ஏனென்றால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்ன பெரிய சண்டை? நாத்தனாரைப் பற்றி இவள் வீட்டுக்குள் சொன்ன ஒரு சொல்லை, அந்த மனுஷன் அட்சரம் பிசகாமல் கொண்டுபோய் அக்கா காதில் ஓதிவிட்டார். அக்காக்காரி ஊரைக் கூட்டினாள். "ஒரு வார்த்தை வயித்துல தங்காதா உங்களுக்கு?" என்று இவள் கேட்டதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து போன் ஊமை. 'காலி' என்று வாயால் சொல்வதற்குப் பதில் கம்பியில் இரண்டு இழுப்பு. ஊடலுக்கு மணியைத் தூது விட்ட ஜோடி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுநாளும் காற்று அடங்கவில்லை. நட்டநடுக் குளிர்காலம், குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்க வேண்டிய நாள்கள், ஆனால் பனியைக் காணோம். மேல்சரிவில் கிடந்த கொஞ்சநஞ்ச வெள்ளையையும் ஒரே இரவில் துடைத்து எடுத்துவிட்டு, யாரோ வாயைத் திறந்து முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற மாதிரி வெதுவெதுப்பாக வீசியது அந்தக் காற்று. ஈரத்துணியைக் கொடியில் போட்டுத் திரும்பினால் அதற்குள் விறைத்துக் காய்ந்தது. உதடு வெடித்தது. வாசல் கதவு மரம் சுருங்கி, தாழ்ப்பாள் தானாக ஆடியது. சுவரெல்லாம் செம்மண் தூசி. சளி பிடிக்காத குளிர்காலம் என்று ஊர் சந்தோஷப்பட்டது.

"இந்த வேகத்துல பெட்டியை நகர்த்தவே கூடாது தங்கச்சி," என்றார் மெக்கானிக். ஸ்பேனர் அண்ணன் என்று அவருக்குப் பெயர். தூங்கும்போதும் பையில் ஸ்பேனர் இருக்கும். "ஆடிப் போய் டவர்ல மோதிடும். நின்ன எடத்துலயே நிக்கட்டும். மாப்ளைக்கு என்ன, மேலே அடுப்பு இருக்கு, அரிசி இருக்கு, மெத்தை இருக்கு. ராஜா மாதிரி இருப்பாரு."

அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வடம் நிற்கும் நாள்களில் மேல்ஸ்டேஷன்காரர் அங்கேயே தங்குவது வழக்கம். நடைபாதை எப்போதோ சரிந்து போயிற்று. வடத்தைத் தவிர வழி கிடையாது. சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் அவர் அறை விளக்கு தெரிந்தது. பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி மட்டும் சும்மா இருக்கவில்லை. காற்று கம்பியைப் பிடித்து ஆட்ட, நேரம் காலம் இல்லாமல் ஒன்று, ஐந்து, இரண்டு என்று வாய்க்கு வந்தபடி அடித்தது. எண்ணக் கூடாது என்று நினைப்பாள், மனசு எண்ணும். பாத்திரம் தேய்க்கும்போது, சோற்றைப் பிசையும்போது, ஸ்டேஷனை ஒட்டிய தன் வீட்டில் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுப் படுக்கும்போது. தாறுமாறான தட்டுகளுக்கு நடுவே மூன்று வரும். சரியாக மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. பிறகு காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

ஒரு மத்தியானம் காற்று நின்றது.

அப்படியே, ஸ்விட்சை அணைத்த மாதிரி. மரங்கள் தலையைத் தூக்கி நின்றன. கொடியில் துணி நேராகத் தொங்கியது. ஸ்பேனர் அண்ணன் வெளியே வந்து விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டிப் பாக்கலாமா தங்கச்சி? மாப்ளையை இறக்கிடலாம்."

ஓட்டியிருக்கலாம். தாராளமாக ஓட்டியிருக்கலாம். அவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரு போன் போட முடியாதா அந்த மனுஷனுக்கு? இத்தனை நாளில் ஒரு வார்த்தை?

"எதுக்கு அவசரம் அண்ணே? இன்னும் ரெண்டு நாள் அங்கயே கெடந்து காயட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

"பாவம்மா," என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு மணி அடித்தது. ஓர் இலைகூட அசையவில்லை. டங், டங், டங். அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். முதல் டவர் வரை, இரண்டாவது டவர் வரை, அதற்கப்பால் பாறை மூக்கைச் சுற்றி மறையும் இடம் வரை அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கீழிருந்தும் தெரியாது, மேலிருந்தும் தெரியாது. டங், டங், டங்.

அடுத்த நொடி அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஓகோ, அப்படியா சங்கதி! போனை எடுக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, மேலே உட்கார்ந்துகொண்டு கம்பியைப் பிடித்து இழுக்கிறார். ஆபத்தாம் ஆபத்து. இவள் பதறியடித்துக்கொண்டு போன் போட வேண்டுமாம். போட்டதும் சிரிக்க வேண்டுமாம். "நாடகமா ஆடுறீங்க?" என்று மலையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். மூன்று தட்டு பதில் வந்தது. அவள் உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்து வந்து, ஸ்டூலில் ஏறி, மணியின் நாக்கைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். இறுக்கிக் கட்டினாள்.

சாயங்காலம் காற்று திரும்பிவிட்டது.

துணிக்குள் மணி தொப் தொப்பென்று அடித்தது. அது இன்னும் மோசம். மணிச் சத்தம் காதோடு போகும்; இது நெஞ்சுக்குள் விழுந்தது. சமையலறையில் இருந்தால் சுவருக்குப் பின்னால் யாரோ நெற்றியால் முட்டுகிற மாதிரி இருந்தது. வீட்டில் இருக்க முடியாமல் வெளியே வந்தால் வெதுவெதுப்பான காற்று, வாயில் புழுதி, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் வறட்சி. எத்தனை தண்ணீர் குடித்தாலும் தொண்டை அடங்கவில்லை. நாளாக ஆகத் தட்டுகள் மெலிந்தன. மூன்று இரண்டானது. இரண்டுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒருநாள் காலையில், காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, அதுவும் நின்றது.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது நிம்மதி இல்லை.

போனை எடுத்தாள். மேலே ரிங் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பளிச்சென்று வெயில். உச்சியைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாத்ரூம் விளக்கை ஒரு நிமிஷம் மறந்து விட்டால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன் அவர்.

"அண்ணே! பகல்ல எதுக்கு அண்ணே லைட்டு எரியுது?"

ஸ்பேனர் அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"காத்து ஆரம்பிச்ச அன்னிக்கு, காலின்னு மாப்ளை போன்ல சொன்னாருல்ல?"

"மணி அடிச்சுது."

"மணியா? அவர் அடிச்சாரா, இல்ல காத்து அடிச்சுதா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஸ்விட்சைப் போடு," என்றார் அவர். "காத்து கெடக்குது. மெதுவா ஓட்டு."

போட்டாள். மோட்டார் இருமி எழுந்தது. வடம் முனகி நகர்ந்தது. பெட்டிகள் பாறை மூக்கைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்தன, காற்றில் ஆடி ஆடி, கண்ணாடியெல்லாம் உள்ளும் புறமும் செம்மண் தூசி அப்பி. முதல் பெட்டி காலி. அடுத்தது காலி. 'காலி, காலி' என்று அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி, இதுவும் காலியாக இருக்கட்டும்.

அதற்கடுத்த பெட்டி பளபளத்தது.

தூரத்திலேயே தெரிந்தது. வெளியே தூசி, உள்ளே துடைத்துவிட்ட மாதிரி கண்ணாடி, வெயிலில் பளீரென்று. கிட்டே வந்தது. காற்றுப் போகும் சின்ன ஓட்டையில் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளில் தோல் இல்லை. அந்தக் கையில் துணிக்கயிறு, கிழித்துக் கிழித்து முடிச்சுப் போட்டது, கம்பியில் மாட்டி இழுக்க. நீலக் கட்டம் போட்ட துணி. அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. நல்ல நாளுக்குப் போடுகிற சட்டை. சண்டையை முடித்துக்கொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறார்.

அவர் முழங்காலில் இருந்தார். முகம் கண்ணாடியில் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு கறுத்துத் தடித்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"மூச்சு பட்டா கண்ணாடி வேர்க்கும்ல..." ஸ்பேனர் அண்ணன் குரல் உடைந்தது. "குளிரா இருந்திருந்தா ஒரே ராத்திரில போயிருப்பாரு. அந்தப் பாழாப்போன இளஞ்சூடு..."

கண்ணாடி முழுக்கக் கோடுகள். நாக்கு அகலத்துக்கு. கீழிருந்து மேலே. கீழிருந்து மேலே. ஒரு விரற்கடை விடவில்லை.

அவள் அலறவில்லை. அலற வாயில் ஈரம் இல்லை. ஸ்பேனர் அண்ணன் ஓடும் பெட்டிக்குள் பாய்ந்து ஏறி, "நிறுத்து தங்கச்சி, நிறுத்து!" என்று கத்தினார். அவள் கால் நகரவில்லை. பெட்டி இருவரையும் சுமந்துகொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. அடுத்த பெட்டி வந்தது.

அதுவும் பளபளத்தது.

உள்ளே யாரும் இல்லை. கதவு வெளித்தாழ்ப்பாள் போட்டபடி. இருக்கையில் ஒரு வாரத் தூசி, கலையாமல். கண்ணாடி மட்டும் உள்பக்கம் முழுக்கக் கோடு. கீழிருந்து மேலே.

அடுத்த பெட்டி. அதிலும்.

அதற்கடுத்தது. அதில் கோடுகள் இன்னும் ஈரமாக இருந்தன.

அவள் ஓடினாள். மோட்டார் அறை. கதவைச் சாத்தினாள். ஸ்விட்சை இறக்கினாள். எல்லாம் நின்றது. காலையில் ஸ்பேனர் அண்ணன் அங்கே அடுப்பில் வைத்த டீத் தண்ணீர் கொதித்துப் பாதியாகியிருந்தது. அறை முழுக்க ஆவி. ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக வேர்த்திருந்தது.

அதில் ஒரு கோடு விழுந்தது.

வெளியிலிருந்து அல்ல. இந்தப் பக்கம். மெதுவாக. கீழிருந்து மேலே. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. அவசரமாக. ஆசையாக. யாரையும் காணோம். அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. கண்ணாடி துளி மிச்சமில்லாமல் காய்ந்து போயிற்று.

அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. கன்னத்தில் இறங்கி, தாடையில் தேங்கி நின்றது.

வெதுவெதுப்பான மூச்சு கழுத்தில் பட்டது. சொரசொரவென்று, உலர்ந்து, தடித்த ஏதோ ஒன்று தாடையில் ஒட்டி, மெதுவாக, கண்ணை நோக்கி மேலே ஏறியது.