கடைசி வண்டி

புர்ஜ் ஹம்மூதில் எங்கள் பட்டறையின் ஷட்டரை நான் தூக்கியபோது அவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். தோல் ஜாக்கெட், கழுவித் துடைத்த மோட்டார் சைக்கிள்கள். என் கணவர் வர்த்கேஸ் இறந்து நாற்பதாம் நாள். காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்திருந்தது. அவர் விழுந்த மலை வளைவுக்குப் போய் மலர்வளையம் வைக்க வேண்டுமாம்.

"நீங்க என் வண்டியில ஏறிக்கங்க அண்ணி," என்றான் தோரோஸ். கூட்டத்துக்குத் தலைவன், எப்போதும் முன்னால் போகிறவன்.

அவன் நீட்டிய மலர்வளையத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

வாழ்நாள் முழுக்க இவர்கள் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர் என் கணவர். ஞாயிறு சவாரி என்றால் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு கடைசியில்தான் போவார். யார் வண்டி நின்றாலும் பின்னால் வர்த்கேஸ் வருகிறார் என்ற தைரியத்தில் ஒருவனும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. அவர் பள்ளத்தில் கிடந்தார். இவர்கள் மேலே உணவகத்தில் சுட்ட கறியும் அரக் சாராயமுமாக உட்கார்ந்திருந்தார்கள். "யார் வண்டியோ நின்னிருக்கும், சரிபண்ணிட்டு வருவான்னு நினைச்சோம்," என்று ஆஸ்பத்திரியில் சொன்னான் தோரோஸ். அத்தனை பேர் வண்டியும் உணவகத்து வாசலில்தானே நின்றது, பாவிகளா? கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

"இன்னைக்குக் கடைசியில யாரு வர்றது?" என்று கேட்டேன்.

"பெதிக் வருவான்," என்றான் தோரோஸ்.

"நானா? ஆளை விடுப்பா, நான் நடுவுலயே வர்றேன்," என்றான் பெதிக்.

"ஏன், சாகப்போறவனுக்குன்னு ஒதுக்கி வெச்ச இடமா அது?" என்றேன்.

கிளம்பினோம். ஒரு கையில் மலர்வளையம், மறு கை தோரோஸின் தோளில். கீழே வெயில் கொளுத்தியது. மலை ஏற ஏற மூடுபனி இறங்கி, சாலையே தெரியாமல் போயிற்று. வண்டியின் பக்கக் கண்ணாடியில் எங்கள் கூட்டத்தின் வெள்ளை விளக்குகள் வந்துகொண்டிருந்தன.

அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு.

"பின்னால யாரு?"

என் கைக்கடியில் தோரோஸின் தோள் விறைத்தது.

பிறகு அந்த வாசனை வந்தது. பெட்ரோலும், கிரீஸ் போகச் சர்க்கரை சேர்த்துத் தேய்க்கும் சோப்பும். வர்த்கேஸ் சாப்பிட உட்காரும்போது அவர் கையில் வரும் வாசனை.

அதன் பின்னே சத்தம். பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின், நிதானமாக, அவசரமே இல்லாமல்.

வர்த்கேஸின் அந்த வண்டி பள்ளத்தில் நொறுங்கிக் கிடக்கிறது.

தோரோஸ் கையை நீட்டிக் கண்ணாடியை அப்பால் திருப்பினான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. முதுகில் ஓங்கிக் குத்தினேன். "நிறுத்துடா! இன்னைக்குக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டியா?"

"பயமா இருக்கு அண்ணி."

"அன்னைக்கு அவருக்கு இருந்திருக்காதா?"

க்ரிக்.

கண்ணாடி தானாகத் திரும்பியது.

க்ரிக். க்ரிக். யாரோ மரையை முறுக்கும் சத்தம்.

மஞ்சள் விளக்கு இப்போது வெள்ளை விளக்குகளுக்கு நடுவில் வந்திருந்தது.

தோரோஸ் வேகத்தைக் கூட்டினான். அந்த வளைவு வந்தது. அவன் நிற்கவில்லை. மற்றவர்களும் நிற்கவில்லை. நான் கத்தக் கத்த, மலர்வளையம் என் கையிலேயே இருக்க, அதே உணவகத்து வாசலில் போய்த்தான் நின்றார்கள். அங்கும் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூ! இவர்களையா சிநேகிதர்கள் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்?

மலர்வளையத்தை அடுத்த நாள் நானே டாக்சி பிடித்துப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

தோரோஸ் இப்போது வண்டி எடுப்பதில்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்ற எந்த ஸ்பேனராலும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நேற்று மத்தியானம் அவன் மனைவி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, வண்டியைத் துணி போட்டு மூடி வீட்டுக்குள்ள வெச்சிருக்கோம். கண்ணாடில விளக்கு எரியுது. தினம் கொஞ்சம் கிட்ட வருது."

"உன் புருஷனைத் திரும்பிப் பார்க்கச் சொல்லு."

"மாட்டேங்கிறாரு அக்கா. சுவரைப் பார்த்தே உக்காந்திருக்காரு," என்று அழுதாள்.

அவள் அழுகைக்குப் பின்னால், போனுக்குள், அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.