கொட்டியாச்சு என்று சொன்ன தண்ணீர்

ஜாடியில் தண்ணீர் குறையவில்லை.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். பீர் முகைதீன் மொகல் தெருவில் குடைக்கடை வைத்திருப்பவன். மழையில் குடை விற்க எந்த முட்டாளாலும் முடியும், சித்திரை வெயிலில் விற்பவன்தான் வியாபாரி என்று சொல்லிக்கொள்பவன். சரக்கு எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று அவன் கண் தானாகவே அளந்துவிடும். அடுப்படி மூலையில் இடுப்பு உயரத்துக்கு நின்ற பச்சை மர்த்தபான் ஜாடியின் உட்புறத்தில் ஒரு கீறல் உண்டு. நேற்றுக் காலை தண்ணீர் அந்தக் கீறலைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு சோறு வடித்தாயிற்று, பாத்திரம் கழுவியாயிற்று, அவன் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் கழுவி ஒளுச் செய்தாயிற்று. இன்றும் தண்ணீர் அதே கீறலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத சரக்கை எந்த வியாபாரி வேண்டாம் என்பான்?

"நபீஸா, அய்யாசாமி இன்னிக்குத் தண்ணி கொண்டாந்தானா?"

"அவன் எங்க வந்தான்? நேத்து எதுத்த வீட்டு மவுத்துக்கு ரெண்டு தகரம் தூக்கினதோட சரி, அப்புறம் இந்தப் படி ஏறவே இல்ல. நீங்கதான் எனக்குத் தெரியாம ஊத்தி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

"நானா? நான் தண்ணி தூக்குற ஆளா?"

"அதானே. நீங்க தூக்கியிருந்தா தெரு முழுக்கச் சொல்லியிருப்பீங்களே."

அவன் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து குனிந்தான். அடுப்படி வெக்கையில் அங்கே மட்டும் குளிர்ந்து கிடந்தது. ஒரு வாசனையும் வந்தது. பாசி வாசனை இல்லை, மண் வாசனை இல்லை. ஈரமான இரும்பின் வாசனை. சாணைக்கல்லில் இழுத்த கத்தியை நனைத்து எடுத்தால் வருமே, அது. அவன் மூடியைப் போட்டான். சிரிப்பும் அதோடு போயிற்று. ஏனென்றால் அந்தத் தண்ணீர் அங்கே இருக்கவே கூடாது என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இருபத்தாறாம் தெருவில் அந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள், எதிரும் புதிருமாக. எதிர்வீட்டுக்காரர் சாலே எசேக்கியேல், பாக்தாதிலிருந்து வந்த யூதர், தேக்குமரத் தரகர். நேற்று விடியற்காலையில் உயிரை விட்டார். சற்று நேரத்தில் யூதர் கோயில் காரியஸ்தர் அபூதி வந்து கதவைத் தட்டினார். ஒல்லி மனிதர், பேச்சில் குண்டு. இந்துஸ்தானியில்தான் பேசுவார்.

"பீர் பாய், மன்னிச்சுக்கணும். சாவு விழுந்த வீட்டுலயும் பக்கத்து வீட்டுலயும் இருக்கிற தண்ணிய எல்லாம் கொட்டிடணும். எங்க வழக்கம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காதீங்க."

"அதுக்கென்ன சாப், இப்பவே கொட்டிடறேன்."

சித்திரையில் முனிசிபல் குழாய்த் தண்ணீர் முதல் மாடிக்கே மூச்சு வாங்கும். மூன்றாம் மாடிக்கு ஆள் வைத்துத்தான் தூக்கவேண்டும். ஜாடி அப்போதுதான் நிறைந்திருந்தது. வேறு மார்க்கத்துக்காரர் வழக்கத்துக்காக நிறைஜாடியைச் சாக்கடையில் விட அவனுக்குக் கை வரவில்லை. ஒரு பித்தளைக் குடத்தை மட்டும் தூக்கிவந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, படிக்கட்டுச் சாக்கடையில் சளசளவென்று ஊற்றினான். "கொட்டியாச்சு சாப்!" என்று குரலும் கொடுத்தான். சத்தத்துக்கு ஒரு குடம் போதும்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பியவர்கள் வீட்டுக்குள் நுழையுமுன் கைகழுவ வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டிலோ பொட்டுத் தண்ணீர் இல்லை. அய்யாசாமி வரத் தாமதம். வெயிலில் நின்ற மனிதர்களைப் பார்த்து பீர் முகைதீனுக்கு மனம் இளகியது. ஜாடியிலிருந்து கெண்டியில் மொண்டு, புதுத் தண்ணீர் என்று சொல்லி, தானே வாசலில் நின்று ஊற்றினான். முதலில் அரிசித் தரகர் நாஹூம். அடுத்தவர் கோழி அறுத்துக் கொடுக்கும் இலியாஹு. பிறகு இறந்தவரின் ஒரே மகன் மேயர், துக்க வழக்கப்படி நெஞ்சருகே சட்டை கிழிக்கப்பட்டிருக்க. நான்காவதாக அபூதி. அதற்குள் அய்யாசாமி இரண்டு தகரம் புதுத் தண்ணீரோடு மேலே வந்துவிட்டான். மற்றவர்கள் எல்லாம் அதில் கழுவினார்கள். கெண்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் கொட்டவும் அவனுக்கு மனசில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். வெயிலில் ஓடியாடிவிட்டு வந்த அவன் மகள் சைதா அண்ணாந்து, கெண்டி மூக்கிலிருந்து அதை முழுவதும் குடித்தாள்.

அந்த வரிசை அப்போது அவனுக்கு ஒரு வரிசையாகத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக் கதவை இனி ஒரு வாரம் சாத்தக்கூடாது என்றார்கள். கண்ணாடிகள்மேல் வெள்ளைத் துணி. அணையாத எண்ணெய் விளக்கு. விதவை ரஹ்மா பீபியும் மேயரும் வெறுந்தரையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அடுப்பு மூட்டக்கூடாது. அவித்த முட்டையும் பருப்பும் பிறர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். காலையும் மாலையும் பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் தொழுகை. வசதியுள்ளவர்கள் வெயிலுக்குப் பயந்து மேமியோ மலைக்குப் போய்விட்டதால், அந்தப் பத்துக்கு அபூதி தெருத்தெருவாக அலைந்தார். வருபவர்கள் வெறுங்காலோடு வந்தார்கள். கதவைத் தட்டவில்லை, சலாம் சொல்லவில்லை. தாழ உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, துக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்கள்.

பீர் முகைதீன் அன்று போய் உட்கார்ந்தபோது அது அவனுக்குப் புரிந்த சங்கதியாகவே பட்டது. பேரத்தில் அவன் ஒருநாளும் முதலில் விலை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு எதிராளியைப் பேசவிடுவான். பேசினவன் இறங்கிவருவான்.

ரஹ்மா பீபி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்து நீங்க தண்ணி குடுத்தீங்க, பாய். மறக்கமாட்டேன்."

மேயர் கூட அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தான். "பாய் சும்மா குடுத்த ஒரே பொருள் அதுதாம்மா. குறிச்சு வச்சுக்க."

அன்று அந்தியில் மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். எதிர்வீட்டிலிருந்து தொழுகையின் முணுமுணுப்பு, தேனடையின் ரீங்காரம்போல, படிக்கட்டுக் குளிர்ச்சியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவன் அடுப்படியில் தனியாக இருந்தான். மூடிய ஜாடிக்குள்ளிருந்து ஒரு சத்தம். நீளமாக, மெல்லியதாக, கல்லின்மேல் இரும்பை ஒரே இழுப்பாக இழுத்ததுபோல. பிறகு எதையோ தண்ணீரில் முக்கி எடுத்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எதிர்வீட்டு முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

தொழுகைக்கு எழுந்து நின்ற நாஹூம் அப்படியே சரிந்துவிட்டார் என்றார்கள். வெயில் என்றார்கள். வயது என்றார்கள்.

மறுநாள் அந்தி மங்கும்போது அதே இழுப்பு, அதே முக்கல். இலியாஹு கோழிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்தார். ஊரில் காய்ச்சல் என்றார்கள். பீர் முகைதீன் கடையில் உட்கார்ந்து, விற்பனைக்கு வைத்த குடை ஒன்றை விரித்து மூடி, விரித்து மூடி, விரல்விட்டு எண்ணினான். நாஹூம். இலியாஹு. மூன்றாவது விரலில் மேயர் வந்தான். எண்ணாமல் குடையைக் கீழே போட்டான்.

மூன்றாவது அந்திக்கு அவன் வீட்டுக்கே போகவில்லை. டாலா படகுத்துறையில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாவிட்டால் நடக்காது என்று ஒரு கணக்கு. இருட்டிய பிறகு படியேறியபோது, முதல் மாடியிலேயே ரஹ்மா பீபியின் குரல் கேட்டது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. இரவோடிரவாக அவளுடைய அண்ணன் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். எதிர்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் மாலை அபூதி சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, படிமேட்டில் பீர் முகைதீன் அவர் கையைப் பிடித்தான்.

"சாப், அந்தத் தண்ணி. எதுக்காகக் கொட்டச் சொல்றீங்க?"

"பெரியவங்க சொல்றது. உயிரெடுக்க வந்தவன் வேலைய முடிச்சுட்டுக் கத்தியக் கழுவுவானாம், பக்கத்துல இருக்கிற தண்ணியில. அதான் கொட்டிடறது." அபூதி களைத்துப்போயிருந்தார். ஆனாலும் கேலி விடவில்லை. "ஏன் பாய், எங்காளாயிடப் போறீங்களா? பத்துக்கு ஆள் குறையுது, வாங்க."

"ஒருத்தன் கொட்டாம விட்டுட்டான்னா?"

"பக்கத்துலயே தண்ணி வச்சிருந்தா வேலைக்காரன் எதுக்குப் போறான்? அங்கேயே உட்கார்ந்து அடுத்த வேலையப் பார்ப்பான்."

"பிறகு கொட்டினா?"

அபூதி அவனைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். கேலி அவர் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. "நீங்க கொட்டிட்டீங்கல்ல? எனக்குச் சத்தம் கேட்டுச்சே."

சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"கொட்டியாச்சு சாப்."

அவர் இறங்கிப்போனார். மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, வெறுங்கால் ஓசை. பாங்கு. முதல் மாடி. அவன் முதுகுக்குப் பின்னால், தன் வீட்டு அடுப்படியில், ஒரே இழுப்பு. முக்கல். கீழே படியில் ஏதோ உருண்டு நின்றது.

அடுத்த விரல் யாருடையது என்று அவனுக்கு எண்ணத் தேவையில்லை.

காலையில் குதிரைவண்டி பிடித்து நபீஸாவையும் சைதாவையும் தாமுவேயில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். வண்டி வந்து நிற்பதற்குள் சைதாவின் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. இந்த வெயிலில் அசைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நபீஸா உள்ளறையில் ஈரத்துணியோடு உட்கார்ந்தாள். அவன் அடுப்படிக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு ஜாடியைச் சாய்த்தான்.

தண்ணீர் ஓடியது. அடுப்படிச் சாக்கடை வழியாக, சுவர்க்குழாய் வழியாக, தெருவுக்கு. கீழே கடைக்காரர்கள் திட்டினார்கள். நண்பகலில் தொடங்கியவன், வெயில் சாயும்வரை சாய்த்துக்கொண்டே இருந்தான். கைலி நனைந்து காலோடு ஒட்டியது, கைகள் விறைத்தன. நிமிர்த்திவைத்துப் பார்த்தான். கீறலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

உலக்கையை எடுத்தான். வைத்துவிட்டான். ஜாடி உடைந்து, தண்ணீர் மட்டும் அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

"சரி," என்றான் ஜாடியைப் பார்த்து. கடையில் பேசும் குரல்தான் வந்தது. "பேசித் தீத்துக்குவோம். பச்சப்புள்ள. அத எடுத்து என்ன லாபம்? என்னைய எடுத்துக்க."

தண்ணீரில் அவன் முகம் இருந்தது.

"கடையையும் வச்சுக்க. சொல்லு. நீயே ஒண்ணு சொல்லு."

 எதிராளி வாய் திறக்கவில்லை. இந்த வித்தை பீர் முகைதீனுக்குத் தெரியும். அவனே எத்தனையோ பேரிடம் செய்தது.

பாங்கு கேட்டது.

ஒரே இழுப்பு. இன்று கொஞ்சம் நீளம்.

அவன் வெளியறைக்கு ஓடினான். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. மத்தியானம் அவனே தாழ்போட்ட கதவு. படியில் காலடி. வெறுங்கால்கள். அவசரமில்லாமல். முதலில் நாஹூம் வந்தார். கதவைத் தட்டவில்லை. சலாம் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இலியாஹு. பிறகு மேயர், கிழிந்த சட்டையோடு. கடைசியில் அபூதி, கையில் தட்டோடு. அவித்த முட்டை. பருப்பு.

தாழ உட்கார்ந்தார்கள். தரையைப் பார்த்தார்கள். அவர்கள் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று அவன் ஊற்றிய தண்ணீர். இன்னும் காயவில்லை.

காத்திருந்தார்கள்.

உள்ளறையில் சைதாவின் மூச்சு கேட்டது. குட்டையாக. இருந்தது. இன்னும் இருந்தது.

துக்கக்காரன் வாய் திறந்தால்தான் தொடங்கும். அதுவரை இது துக்கவீடு இல்லை. அவன் வாயை மூடினான். இரண்டு கையாலும் பொத்தினான்.

"வாப்பா... தண்ணி."

அவன் அசையவில்லை.

"மச்சான், புள்ள தண்ணி கேக்குது. காதுல விழலையா?"

விழுந்தது.

"வாப்பா."

மேயர் மெல்ல நகர்ந்து அவனுக்குத் தரையில் இடம் விட்டான்.

"மச்சான், இங்க வாங்களேன். என்னமோ மாதிரி இருக்கா... மச்சான்!"

பொத்திய கைகளுக்குள் பற்கள் உதட்டைக் கடித்தன. உப்புக் கரித்தது. பேசமாட்டான். விடியும்வரை வேண்டுமானாலும். வருஷம் முழுக்க வேண்டுமானாலும்.

உள்ளே மூச்சுக் கேட்கவில்லை.

அப்புறம் அவன் நெஞ்சருகே சட்டைத் துணி கிழியும் சத்தம். ஒரே இழுப்பாக.

அபூதி ஒரு முட்டையை எடுத்தார். ஈர விரல்களால், பொறுமையாக, ஓட்டை உரித்தார். வெள்ளையாக, வழவழப்பாக, தண்ணீர் சொட்டச் சொட்ட அதை அவன் முன்னால் நீட்டினார். நான்கு தலைகளும் நிமிர்ந்தன. பீர் முகைதீன் வாயைப் பொத்தியபடியே நின்றான். அவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.