இரண்டா, நான்கா?

"உஸ்... கத்தாதே!"

மைமூன் கோழிக்கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள். கையில் ஒரு ஜோடி தோல் செருப்பு. உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோழிக்கு இந்த விருந்தாளிகளைப் பிடிக்கவில்லை. அவள் மணிக்கட்டில் நறுக்கென்று ஒரு கொத்து வைத்தது.

வலித்தது. ஆனால் அழ நேரமில்லை. பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு எந்த நிமிடமும் பாங்கு சொல்லிவிடுவார்கள். பாங்கு கேட்டதும் வாப்பா எழுந்து வாசலுக்கு வருவார். செருப்பைத் தேடுவார். கிடைக்காது. குளச்சல் மணலில், சித்திரை மாத வெயிலில் வெறுங்காலோடு யாராவது நடப்பார்களா? வீட்டிலேயே தொழுதுவிடுவார்.

அதுதான் அவளுக்கு வேண்டும். அவர் தனியாகத் தொழ வேண்டும். அதை அவள் எண்ண வேண்டும்.

"அல்லாஹு அக்பர்..." பாங்கு தென்னந்தோப்பைத் தாண்டி வந்தது. மைமூன் ஒரே ஓட்டமாக ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

வாப்பா வந்தார். படியைப் பார்த்தார். படிக்குக் கீழே பார்த்தார். கூட்டுக்குள்ளிருந்து கோழி 'கொக்கொக்' என்றது. வாப்பா கோழிக்கூட்டைப் பார்த்தார்.

மைமூன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வாப்பா வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். வெறுங்காலை மணலில் வைத்தார். நடந்தே விட்டார்! முதலில் நடை. பிறகு ஓட்டம். ஒரு தென்னையின் நிழலில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்குகிறார். அடுத்த தென்னையின் நிழலுக்கு ஓடுகிறார்.

மைமூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டம் தோற்றதால் மட்டுமல்ல.

அப்படி என்ன எண்ண வேண்டியிருந்தது அவளுக்கு?

திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட காலம் அது. கொழும்பில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். மைமூனின் வாப்பாவும் அப்படித்தான். சொந்த ஊர் கிழக்கே காயல்பட்டினம். பெண் எடுத்தது குளச்சலில். மைமூன் சின்னக் குழந்தையாக இருந்தபோது உம்மா இறந்துவிட்டாள். வாப்பா கப்பலேறிவிட்டார். உம்மாவின் தங்கையான சாச்சிதான் அவளை வளர்க்கிறாள்.

சாச்சி நல்லவள். மைமூனுக்கும் வயிறு நிறையச் சோறு போடுவாள். ஆனால் குளித்து வந்ததும் தன் மகன் நூகுவின் தலையைத்தான் பிடித்து இழுத்துத் துவட்டுவாள். நூகு 'வலிக்குது உம்மா' என்று கத்துவான். பக்கத்தில் நின்று மைமூன் தன் தலையைத் தானே துவட்டிக்கொள்வாள். தலை வலிக்கும்படி யாராவது துவட்டினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

போன வாரம் வாப்பா வந்து இறங்கினார். கயிறு கட்டிய ஒரு டிரங்குப் பெட்டி. கொஞ்சம் நரைத்த தாடி.

"மைமூனா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் இருவரும் பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் முற்றத்துக்கு வந்தால் அவள் அடுக்களைக்குப் போனாள்; அவர் அடுக்களைப் பக்கம் வந்தால் கிணற்றடிக்குப் போனாள். பேச ஆசை நிறைய இருந்தது. வாய்தான் வரவில்லை.

வந்த அன்று மத்தியானம் வாப்பா உள்ளறையில் தொழுதார். மைமூன் கதவிடுக்கில் பார்த்தாள். நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் அது ஒரு ரக்அத். மத்தியானத்துக்கு நான்கு. வாப்பாவோ இரண்டிலேயே வலமும் இடமும் திரும்பி ஸலாம் சொல்லி முடித்துவிட்டார்!

அவள் நூகுவிடம் ஓடினாள். அவன் கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். நூகு எப்போதும் எதையாவது தின்றுகொண்டுதான் இருப்பான்.

"நூகு, அவரு ரெண்டுதான் தொழுதாரு. மறந்துட்டாரா?"

"ஏட்டி, பெரியவாப்பா முசாபிரு. முசாபிருன்னா பயணக்காரரு. பயணத்துல இருக்கவங்க நாலை ரெண்டாக் குறைச்சுக்கலாம். பாலைவனத்துல கிடந்து அலையுதவனுக்கு அல்லா குடுத்த சலுகை. நபிகள் நாயகமே பயணத்துல அப்படித்தான் தொழுதாவளாம். ஓதப்பள்ளியில பாடம் எடுக்கிற லெப்பை சொன்னாரு."

"இவரு ஒட்டகத்துலயா வந்தாரு? கப்பல்ல, பஸ்ஸுல வந்தாரு."

"எதுல வந்தாலும் பயணம் பயணந்தான்."

"எப்பம் முழுசாத் தொழணும்?"

நூகு ஒரு கடி கடித்தான். மென்றான். மைமூனுக்கு அவனை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"நாலு நாளாவது இங்க இருப்பேன்னு மனசுல முடிவு பண்ணிட்டா முழுசு. இன்னைக்குப் போவேனோ நாளைக்குப் போவேனோன்னு இருந்தா ரெண்டு. நம்ம கரைக்கு நம்ம மார்க்கத்தைக் கொண்டு வந்ததே முசாபிருங்கதான், தெரியுமா? மிளகு வாங்க வந்த அரபிக் கப்பல்காரங்க. சில பேரு திரும்பிப் போயிட்டாங்க. சில பேரு இங்கயே பொண்ணு கட்டி இருந்துட்டாங்க."

மைமூனுக்கு அரபிக் கப்பல்கள் காதில் ஏறவில்லை. போவாரா, இருப்பாரா? அது ஒன்றுதான் உள்ளே சுற்றியது.

அன்று சாயங்காலமே சாச்சி கேட்டுவிட்டாள். "மச்சான், எத்தனை நாளு இருப்பிய?"

வாப்பா தன் பெட்டியைப் பார்த்தார். "ஒரு காரியமா வந்தேன். இன்னைக்கு முடியுமோ, நாளைக்கு முடியுமோ தெரியல. முடிஞ்சா இருந்துருவேன். முடியாதுன்னு தெரிஞ்சுட்டா தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டியதுதான்."

என்ன காரியம்? தோப்பு வாங்கவா? கருவாட்டு வியாபாரமா? அவர் சொல்லவில்லை. பெட்டியின் கயிறும் அவிழவில்லை.

மறுநாளிலிருந்து வாப்பா எல்லாத் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பித்தார். மைமூன் நூகுவைப் பின்னாலேயே அனுப்பினாள். கூலி, ஒரு கருப்பட்டித் துண்டு.

நூகு திரும்பி வந்து சொன்னான்: "நாலு!"

மைமூன் கிணற்றடியில் தனியாக ஒரு சுற்று சுற்றினாள். நாலு! இருக்கப் போகிறார்!

கருப்பட்டியைத் தின்று முடித்த பிறகுதான் நூகு மிச்சத்தைச் சொன்னான். "ஆனா அது கணக்குல சேராது. ஊர்க்கார இமாமுக்குப் பின்னால நின்னா முசாபிரும் நாலுதான் தொழணும். தனியாத் தொழுதாத்தான் தெரியும்."

"இதை முதல்லயே சொன்னா என்ன?"

"கருப்பட்டி கிடைக்காதே."

மைமூன் அழுததை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு அது ஒரு வசதி.

இன்று காலை ஞானசெல்வி மீன்கூடையோடு கொல்லைப்புறம் வந்தாள். கடற்கரையில் இருக்கும் சிலுவைதாசனின் மகள். மைமூன் வயதுதான்.

"உங்க வாப்பா வந்திருக்காராமே. சந்தோசமா?"

"தெரியாது," என்றாள் மைமூன். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"தொழுகைன்னா உங்க ஜெபமா?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"ம். தினமும் அஞ்சு வேளை. மக்காவைப் பாத்து நின்னு தொழணும்."

"எந்த மக்காவெ? எங்கம்மெ என்னையும் மக்கான்னுதான் கூப்பிடுவா!"

ஒரு வாரத்தில் முதல்முறையாக மைமூன் சிரித்தாள். "அது ஊரு பேரு. கடலுக்கு அந்தப் பக்கம். அங்க கஃபான்னு ஒரு வீடு இருக்கு. ஒரே இறைவனை வணங்கதுக்காக இப்ராஹிம் நபி கட்டினது."

"ஆபிரகாமா? எங்க கோயில்ல அவரு கதெ சொல்லுவாங்களே!" ஞானசெல்விக்கு ஒரே ஆச்சரியம். "சரி, அதை விடு. எங்கப்பன் கட்டுமரம் தள்ளும்போ 'எப்பம் வருவிய'ன்னு நான் கேப்பேன். நீயும் உங்க வாப்பாட்ட கேளேன். வாயில்லியா?"

"கேட்டு, போறேன்னு சொல்லிட்டா?"

ஞானசெல்வி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனாள்.

கேட்காமலே தெரிந்துகொள்ள மைமூனுக்கு மிஞ்சிய ஒரே வழி, அந்தச் செருப்பு.

வாப்பா தொழுது முடித்துத் திரும்பி வந்தார். இந்த முறை ஓடவில்லை. குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி நடந்தார். படியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற மைமூனும் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. சாச்சியும் நூகுவும் இரணியலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். செருப்பை எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. கோழி சொல்லப் போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம்.

மைமூன் கிணற்றடிக்கு ஓடினாள். குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து வாப்பாவின் கால்களில் மெல்ல ஊற்றினாள். வேலியோரத்துக் கற்றாழையை ஒடித்து வந்து அதன் சோற்றைத் தடவினாள். வாப்பா 'ஸ்ஸ்' என்றார்.

அந்த 'ஸ்ஸ்' அவளை வாட்டியது. வெயில் சாயும்வரை வாட்டியது. அதற்கு மேல் முடியவில்லை.

அவள் கோழிக்கூட்டுக்குப் போய்க் கையை விட்டாள். இன்னொரு கொத்து. வாங்கிக்கொண்டாள். செருப்பை இழுத்தாள். ஒரு செருப்பின் மேல் ஒரு முட்டை உட்கார்ந்திருந்தது. கோழி செருப்பையும் சேர்த்து அடைகாக்க முடிவு செய்துவிட்டது போலும். முட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, செருப்பைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா... நான்தான் ஒளிச்சு வச்சேன்."

வாப்பா செருப்பைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

"ஏன்?"

"நீங்க பள்ளிக்குப் போகக் கூடாதுன்னு."

"நான் தொழக் கூடாதுன்னா?"

"இல்ல! வீட்டுல தொழணும்னு. எத்தனை ரக்அத் தொழுவியன்னு பாக்கணும்னு." செருப்பை அவர் காலடியில் வைத்தாள். "கால் வெந்து போகும்னு நினைக்கல. புண்ணு ஆறுதவரைக்கும் இருங்க. அப்புறம் போகணும்னா போங்க. செருப்பை இனிமே எடுக்க மாட்டேன்."

வாப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் எழுந்து நின்று பார்த்தார். பள்ளிவாசல்வரை நடக்க முடியாது.

"ஒளு செஞ்சுட்டு வா," என்றார். "பாயை விரி. எனக்குப் பின்னால நின்னு தொழு."

முகத்தையும் கைகளையும் கால்களையும் கழுவிக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்தி, மைமூன் அவருக்குப் பின்னால் நின்றாள். அஸருக்கும் நான்கு ரக்அத்தான். பயணக்காரருக்கு இரண்டு.

"அல்லாஹு அக்பர்." வாப்பா கைகளை உயர்த்திக் கட்டிக்கொண்டார்.

அஸரில் சத்தமாக ஓதுவதில்லை. வீடு அமைதியாக இருந்தது. தூரத்தில் கடல் மட்டும் இரைந்தது. முதல் ரக்அத் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. வாப்பா உட்கார்ந்தார்.

இந்த இருப்பில்தான் எல்லாம் இருக்கிறது. தொழுகை முடியப் போகிறது என்றால் இடது காலை வெளியே தள்ளிவிட்டுப் பாயில் பதிந்து உட்கார வேண்டும். இன்னும் எழுந்திருக்க வேண்டும் என்றால் இடது பாதத்தின் மேலேயே உட்கார வேண்டும். ஓதப்பள்ளியில் சொல்லித் தந்தது அப்படித்தான்.

தொழும்போது பார்வை நெற்றி வைக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். மைமூனின் கண்கள் கொஞ்சம் மேலே ஏறிவிட்டன.

வாப்பா தன் இடது பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கொப்புளம் அழுந்தியிருக்க வேண்டும். தோள் ஒருமுறை நடுங்கியது. ஆனாலும் காலை வெளியே தள்ளவில்லை.

"அல்லாஹு அக்பர்."

வாப்பா எழுந்தார். மூன்றாவது ரக்அத்துக்கு.

எழுந்த வேகத்தில் மைமூனுக்கு என்ன ஓத வேண்டும் என்பதே ஒரு கணம் மறந்து போயிற்று.

நான்காவதும் முடிந்தது. வலமும் இடமும் ஸலாம் சொல்லி வாப்பா திரும்பி உட்கார்ந்தார். மைமூனுக்கு இப்போது வாய் நன்றாக வந்தது.

"அப்போ உங்க காரியம்?"

"முடிஞ்சுட்டு."

"எப்பம்? இன்னைக்கு நீங்க பள்ளிக்கு மட்டுந்தானே போனிய?"

வாப்பா துப்பட்டிக்கு மேலாக அவள் தலையில் கை வைத்தார்.

"என்னைக் கண்டாலே ஓடுன பிள்ளைக்கு நான் வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கணும். அதுதான் நான் வந்த காரியம். செருப்போட வந்து நின்னு முதல் தடவையா என்னை 'வாப்பா'ன்னு கூப்பிட்டியே, அப்பமே முடிஞ்சுட்டு."